ஒன்பதாம் நாளின் சூடு

இருபத்து மூன்றாவது வாளியைச் சாய்த்ததும் மொட்டைமாடித் தளம் காய்ந்த இரும்புச் சட்டியைப் போலச் சீறியது. மோட்டார் அக்கா ஒரு எட்டு பின்னால் வைத்தாள். தண்ணீர் ஓடிப்போய்க் கோணிச் சாக்கின் ஓரத்தில் முட்டி நின்று, என்ன செய்வதென்று தெரியாததுபோல் தயங்கி, பிறகு சாக்குக்குள் இறங்கியது. மணி பதினொன்று தாண்டியிருக்கும். இன்னும் பதினேழு வாளி. தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தால் வாளி நிறைய இருபது எண்ண வேண்டும். தூக்கிக்கொண்டு நடக்கப் பன்னிரண்டு எட்டு. குனிந்து ஊற்றிவிட்டு நிமிர்வதற்குத்தான் கணக்கே கிடையாது, முழங்கால் எப்போது மனசு வைக்கிறதோ அப்போது. காலையில் நாற்பது, மூன்று மணிக்கு நாற்பது. இன்றைக்கு ஏழாவது நாள். இன்னும் ஏழு நாள் ஓட்டிவிட்டால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த வாளியைக் குழாய்க்குக் கீழே தள்ளினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக் கீழே யாராவது வந்துவிடுவார்களோ என்று படிவாசலை ஒரு கண் பார்த்துக்கொண்டாள். மாடிச் சாவி அவள் முந்தானையில்தான் முடிந்திருந்தது, யாரும் வர முடியாது என்று தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

இறங்கி வந்தபோது கேட்டருகே முக்காலியில் வலது காலை மடக்கி, மடங்காத இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்த புருஷன் சிரித்தான்.

"குளிப்பாட்டியாச்சா? முதுகு தேச்சுவிட்டியா?"

"சும்மா கிட."

"எருமையக் கூட வாரத்துக்கு ஒருக்காதான்டி குளிப்பாட்டுவாங்க. நீ கட்டடத்துக்கு ரெண்டு வேளை ஊத்துற. சளி பிடிச்சுக்கப் போகுது அதுக்கு."

"கத்தாதய்யா. காதுல விழுந்துடப் போகுது."

"யார் காதுல? கட்டடத்துக் காதுலயா?"

அவள் மோட்டார் அறைக்குள் போனாள். மேல்தொட்டிக்கு இன்னொரு அரைமணி நேரம் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஸ்விட்சைப் போட்டுவிட்டு அது உறுமுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். உட்காரத் தோன்றவில்லை. இந்த ஏழு நாளாக அவளுக்கு உட்காரவே தோன்றவில்லை.

நான்கு மாடி, முப்பத்திரண்டு வீடு. கம்பெனி தன் ஆட்களுக்கென்று எந்தக் காலத்திலோ கட்டிய குடியிருப்பு. மோட்டார் போடுவது, படி கூட்டுவது, தொட்டி கழுவுவது அவள் வேலை. கேட் அவன் பொறுப்பு. இதற்குச் சம்பளம் என்று கிடைப்பது பெயருக்குத்தான். உண்மையான சம்பளம் மோட்டார் அறையை ஒட்டிய பத்துக்கு எட்டு அறை. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அவள் சித்தாள். அவன் சாரம் கட்டுகிறவன். எத்தனையோ கட்டடத்துக்குச் செங்கல் சுமந்திருக்கிறாள், ஒன்றிலும் ஒரு பொழுது படுத்துத் தூங்கியதில்லை. வேலை நடக்கிற இடத்திலேயே தகரக் கொட்டகை, கட்டடம் முடிந்தால் கொட்டகையும் பிரிந்து அடுத்த இடத்துக்கு லாரி ஏறும். மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து அவன் விழுந்து கால் போன பிறகுதான் யாரோ புண்ணியவான் சொல்லி இந்த இடம் கிடைத்தது. பதினோரு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே படுக்கிறார்கள். ஒரே சுவரில் ஒரே ஆணியில் ஒரே கண்ணாடி தொங்குகிறது. அதைப் பெரிய சொத்தாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் கம்பெனி என்ஜினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. குடியிருப்பவர்களுக்கு வேறு வீடு தருவார்களாம். மோட்டார் போடுகிறவளுக்கு என்ன தருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டு, ஒன்றுமில்லை என்று வாயால் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அப்போதுதான் கட்டடக்கலைக் கல்லூரியிலிருந்து அந்த மேடம் வந்தாள். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் துணி நாடா தொங்கும், எதைப் பார்த்தாலும் அளப்பாள். புருஷன் வந்த அன்றே 'இஞ்சுடேப்' என்று பெயர் வைத்துவிட்டான். கூட ஒரு டஜன் பிள்ளைகள். பூமிக்குக் கேடு பண்ணாமல் எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுக்கிற பாடமாம். கீழ்த்தள நடையில் நிறுத்தி வைத்து மேடம் சொன்னதைப் படி கூட்டிக்கொண்டே அக்கா கேட்டாள்.

"புதுசா ஒண்ணு வரையறதுக்கு முன்னாடி, நிக்கிறதைப் படிங்க. இந்தச் சுவருக்குள்ள எரிச்ச கரி, ஓட்டின லாரி, சுமந்த ஆள் எல்லாம் ஏற்கெனவே செலவாகிடுச்சு. இடிச்சா அத்தனையும் குப்பை. நல்லா இருக்குதுன்னா ஏன் நல்லா இருக்குதுன்னு கண்டுபிடிங்க. இல்லைன்னா ஏன் இல்லைன்னு. நம்ம ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கம்பெனி கையை வைக்காது. நான் பேசியிருக்கேன்."

'சுமந்த ஆள்' என்ற இடத்தில் அக்காவின் துடைப்பம் ஒரு நொடி நின்றது. பிறகு கூட்டியது.

மாடிக்கு ஒரு வீட்டில், தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுவரில் ஒட்டினார்கள். கால்மணிக்கு ஒருமுறை அதுவே சூட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுமாம். மறுநாள் முதல் பதினான்கு நாள் கணக்கு. செவ்வாயும் வெள்ளியும் காலையில் வந்து அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போவார்கள். நாலாம் மாடியில் தையல்காரம்மா வீட்டில் பெட்டி ஒட்டும்போது, புருஷன் 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர் வைத்திருந்த நெட்டைப் பையன் கையை உயர்த்தி மேல்தளத்தைத் தொட்டுப் பார்த்தான். தொட்டவன் கையை உதறினான்.

"போச்சு. கீழ மூணு மாடியும் பாஸ் ஆனாலும் இது ஒண்ணு ஃபெயில் பண்ணிவிட்டுடும். மொத்தக் கட்டடமும் காலி."

படியில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த அக்காவின் காதில் அது விழுந்தது. மேடம் பக்கத்தில் இருந்திருந்தால் அதெல்லாம் அப்படியில்லை என்று விளக்கியிருப்பாள். அவள் இல்லை. அக்காவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். புதிதாகக் கான்கிரீட் போட்ட தளம் வெடிக்காமல் இருக்க மண்ணால் சின்னச் சின்ன வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்துவார்கள். தண்ணீர் வற்ற விடாமல் பார்த்துக்கொள்வது சித்தாள் வேலை. அப்படி நிறுத்திய தளத்துக்கு அடியில் மத்தியான வெயிலில் போய்ப் படுத்தால் குகைக்குள் படுத்த மாதிரி இருக்கும். அவளுக்கு அது உடம்பில் ஞாபகம் இருந்தது. அன்று சாயங்காலமே பழைய கோணிகளைச் சேர்த்தாள், மண் பிசைந்தாள், வரப்பு கட்டினாள். பொய் என்று அவள் நினைக்கவில்லை. போட்டோ பிடிக்கிறவன் வரும்போது பிள்ளைக்குத் தலை சீவி விடுவதில்லையா? பெட்டி பார்க்கிறது, கட்டடம் கொஞ்சம் பாந்தமாக நிற்கட்டும். அவ்வளவுதான். மழைக்காகச் செய்கிற ஏதோ மராமத்து என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்தாள்.

தையல்காரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "இந்த வருஷம் வெயில் என்னமோ தாழ்வாத்தான் இருக்குது அக்கா. ரெண்டு மணிக்கு மேலயும் மிஷின் மிதிக்க முடியுது. போன வருஷம் இந்நேரம் எனக்குக் கண்ணு இருட்டும்." அக்கா ஆமாம் என்றாள்.

ஒன்பதாம் நாள் முழங்கால் சாமானியமாக இல்லை, பூசணி மாதிரி வீங்கிவிட்டது. பாயை விட்டு எழவே முடியவில்லை. புருஷனால் நாலு மாடி ஏற முடியாது. பதினொன்று ஆனது, மூன்று ஆனது. மேலே தளம் காய்வது அவளுக்குப் படுத்த இடத்திலேயே கேட்டது போலிருந்தது. "ஒரு நாள்தானே, விடு" என்றான் அவன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம் தையல்காரம்மா இறங்கி வந்து வாசல்படியில் பொத்தென்று உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன இப்படி வேகுது, உயிரே போகுது" என்றாள். அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. பத்தாம் நாள் அக்கா காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வாளியைத் தூக்கினாள்.

பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு எல்லோரும் வந்து கீழ்த்தள நடையில் கூடினார்கள். மேடம் சுவரில் பெரிய காகிதம் ஒட்டினாள். நாலு மாடிக்கு நாலு நிறக் கோடு. குடியிருப்பவர்களும் எட்டிப் பார்த்தார்கள். தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நிற்க, இரண்டு நாடாக்காரிகளையும் மாறி மாறிப் பார்த்துப் புருஷன் தொண்டையைக் கனைத்தான். அக்கா தூணோரம் நின்றாள். துடைப்பத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. "நாம நினைச்சதுக்கு நேர்மாறா வந்திருக்கு. நாலாம் மாடியும் இரண்டாம் மாடியும் கிட்டத்தட்ட ஒண்ணு. இந்த இடத்தைப் பாருங்க. தினம் பதினொண்ணேகாலுக்கு ஒரு இறக்கம், மூணேகாலுக்கு ஒரு இறக்கம். யார் காரணம் சொல்றீங்க?"

தொட்டியின் நிழல் என்றது ஒரு பிள்ளை. காற்று திசை மாறும் நேரம் என்றது இன்னொன்று. செங்கல் ஜல்லி போட்ட பழைய தளம், அதற்குள் காற்றுப் பொத்தல் இருக்கிறது, அது வேலை செய்கிறது என்று ஒட்டடைக்குச்சி கையை ஆட்டி ஆட்டி விளக்கினான்.

"எதுவாயிருந்தாலும் கண்டுபிடிப்போம். இது இந்தக் கட்டடத்தோட மூச்சு" என்றாள் மேடம்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அது கட்டடத்தின் மூச்சில்லை. நாற்பது வாளிக்கு அவள் இரைத்த இரைப்பு.

"இடிக்க வேண்டாம்னு தாராளமா எழுதலாம்" என்று மேடம் சொன்னதும் நடை முழுக்கக் கைதட்டல். புருஷன் விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். அக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இறங்கிய மூட்டை தரையைத் தொடுவதற்குள் மேடம் தொடர்ந்தாள்.

"இன்னொண்ணு. கம்பெனி ஊருக்கு வெளிய கட்டட வேலைக்காரங்களுக்கு எண்பது அறை கட்டப்போகுது. நம்ம டிசைனைக் கேட்டிருக்காங்க. இதே தளத்தைக் கொடுக்கலாம். மேல நிழல்கூரை வேண்டாம், வேற பூச்சு வேண்டாம். எவ்வளவு சிமெண்டு மிச்சம் பாருங்க."

எண்பது அறை. அக்கா துடைப்பத்தை மறு கைக்கு மாற்றினாள். எண்பது கூரைக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? பகலெல்லாம் சுமந்துவிட்டு வந்து படுக்கிறவள் எழுந்து ஊற்றுவாளா?

கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி கோட்டின் நடுவே விரலை வைத்தாள். "மேடம், ஒன்பதாம் நாள் மட்டும் இப்படி மேல போயிருக்கே?"

"அது கருவிக் கோளாறு" என்றான் ஒட்டடைக்குச்சி. "தையல் வீடு. அந்த ஆன்ட்டி பெட்டிக்குப் பக்கத்துல அயர்ன் பாக்ஸை வச்சிருப்பாங்க. நான் அந்த நாளைக் கணக்குலேருந்து எடுத்துட்டேன் மேடம்." சொல்லிக்கொண்டே பேனாவால் அந்த மேட்டின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"நான் எதுக்குப்பா வைக்கப்போறேன்?" தையல்காரம்மாவின் குரல் உயர்ந்தது. "தொடாதேன்னா தொடாம இருக்கத் தெரியாதா எனக்கு? படிச்ச பிள்ளை பேசுற பேச்சா இது?"

"இல்ல ஆன்ட்டி, தெரியாம..."

"தெரிஞ்சும் வைக்கல, தெரியாமயும் வைக்கல!"

அவள் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பதினான்கு நாளில் அந்தப் பெட்டி உண்மை சொன்னது ஒரே ஒரு நாள், அந்த நாளை அடித்துவிட்டார்கள். மீதி பதின்மூன்றும் கோடாக நிற்கிறது. வாயை மூடிக்கொண்டு நின்றால் கண்ணாடி ஆணியில் தொங்கும், பாய் அங்கேயே விரியும். அக்கா புருஷனைப் பார்த்தாள். அவன் தலையை மெல்ல, மிக மெல்ல, வேண்டாம் என்று ஆட்டினான்.

"அவங்க வைக்கல" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள், இந்தத் தடவை நடை முழுக்கக் கேட்டது. "அவங்க வைக்கல மேடம். அந்த ஒரு நாள்தான் நிஜம். மத்த நாளெல்லாம் நான் ஊத்தினது."

மாடிக் கதவைத் திறந்து காட்டினாள். ஈரம் காயாத சாக்கையும் மண் வரப்பையும் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒட்டடைக்குச்சி குனிந்து வரப்பை விரலால் தொட்டான். மேடம் தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். கோட்டைக் காட்டியபோது இருந்த வெளிச்சம் முகத்தில் இல்லை. திட்டினால் தேவலை என்று அக்கா நினைத்தாள்.

"ஒரு வேளைக்கு எத்தனை வாளி அக்கா?"

"நாற்பது."

"தனியாவா?"

"வேற யாரு?"

மேடம் கண்ணாடிப் பெண்ணிடம், "எழுதிக்கோ, ஒரு நாளைக்கு எண்பது" என்றாள். கொஞ்சம் கழித்து, "அடுத்த வியாழன் ரிப்போர்ட் கொடுக்கணும். நடுவுல ஆறு நாள் இருக்கு. மறுபடி அளப்போம். தினம் மத்தியானம் வருவோம். ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க."

"ஃபெயில் ஆயிட்டா மேடம்?" என்று அக்கா கேட்டாள். அந்த வார்த்தையை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள்.

மேடம் ஈரச் சாக்கைப் பார்த்தாள். "இருக்கிறதைத்தான் எழுதணும் அக்கா. என்ன எழுதணும்னு இன்னும் எனக்கே தெரியல" என்றாள்.

அன்று புருஷன் சாப்பிடவில்லை. "ஊருக்கெல்லாம் நியாயம் பேசிட்ட. இனிமே உன் நியாயத்தை விரிச்சுப் படு" என்று மட்டும் சொன்னான். பிறகு அவனே எழுந்து வந்து, அவள் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துவிட்டான்.

மறுபடி அளக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் மத்தியானம். தொட்டி நிறைந்திருந்தது, வாளி கவிழ்ந்து கிடந்தது. பதினொரு மணிக்கு அவள் கை தானாகச் சாவியைத் தேடியது. அடக்கிக்கொண்டு மோட்டார் அறையைக் கூட்டினாள். கூட்டிய அறையையே மறுபடி கூட்டினாள். ஒரு மணிக்கு மேலே தையல் மிஷின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மா மடியில் பாதி தைத்த துணியோடு இறங்கி வந்து மூன்றாம் மாடித் திருப்பத்துப் படியில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுப் பெரியவர் விசிறியோடு வந்தார். "உண்மை பேசினதுக்குக் கிடைச்ச பரிசு இது" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பாயைச் சுருட்டிக்கொண்டு இரண்டாம் மாடித் திருப்பத்துக்குப் போனாள். இரவு வேலைக்குப் போகிறவன் ஒருவன் கீழ்ப்படியில் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான். படிக்கட்டின் ஜன்னல் கம்பி வழியாகக் காற்று வந்தது. நாலாம் மாடி மொத்தமும் படியில்தான் இருந்தது.

மூன்று மணிக்குக் கண்ணாடிப் பெண் வந்தாள். பெட்டியில் இருப்பதை எடுக்க மேலே போக வேண்டும். தூங்குகிறவன் காலைத் தாண்டினாள், பாயை ஒதுங்கிப் போனாள். தையல்காரம்மா துணியைத் தூக்கி வழிவிட்டாள். நாலாம் மாடிக்கு நாலு படி இருக்கும்போது அவள் நின்றாள். திரும்பிக் கீழே பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, நோட்டை விரித்து, படிக்கட்டை வரைய ஆரம்பித்தாள். எந்தப் படியில் யார் இருக்கிறார்களோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

"என்ன பாப்பா பண்ற?" என்று கேட்டுக்கொண்டே அக்கா ஏறி வந்து மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்றாள்.

"யாரும் நகராதீங்க, ஒரே நிமிஷம். இந்தக் கட்டடத்துல எந்த இடம் குளிர்ச்சியா இருக்குதுன்னு குறிச்சுக்கறேன்."

பெண் அக்காவுக்கும் ஒரு புள்ளி வைத்தாள். வைத்துத் தலைநிமிர்வதற்குள் அக்கா இறங்கி இரண்டாம் மாடிக்குப் போய்விட்டாள், கைப்பிள்ளை அழுதது. பெண் புள்ளியை அழித்து அங்கே வைத்தாள். அக்கா மறுபடி ஏறினாள், மாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

"அக்கா, ஒரு இடத்துல உட்காருங்களேன்."

"உட்கார்றேன் கண்ணு, உட்கார்றேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கினாள். தாளில் மற்ற புள்ளிகள் எல்லாம் அதனதன் படியில் கறுப்பாக இருந்தன. அவளுடையது மட்டும், அழித்து அழித்து வைத்ததில், இரண்டாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே ஒரு சாம்பல் தீற்றலாகப் படர்ந்துகொண்டிருந்தது.